மூன்றாம் அதிகாரத்தில் நின்றவர்

“என்னை வாசிக்க வேண்டாம்னு சொல்லிட்டா, உபதேசியாரே.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓலைக் கோயில் வாசலில் நின்றபடி சொன்னார் ஞானாபரணம் சார். ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்திரண்டு. அந்தச் சின்னக் கிறிஸ்தவ சபையை நடத்தும் உபதேசியார் யாபேசுக்கு நாற்பது இன்னும் முடியவில்லை.

“யாரு சார்?”

“எப்சிபாய். என் வீட்டுக்காரி.”

எப்சிபாயை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பி ஆறு நாள் ஆகிறது. இனி மருந்து வேண்டாம், பிடித்ததைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அவளுக்குப் பிடித்தது கஞ்சியும் வேதமும். கஞ்சி இப்போது இறங்குவதில்லை.

“இன்னிக்குக் காலையில வேதத்துல சங்கீதம் வாசிச்சேன். கண்ணைத் திறக்காமலே சொல்லுதா: ‘போதுங்க, அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கு.’”

யாபேஸ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் குற்றமில்லை. சாரின் வாசிப்பு அந்த வட்டாரத்தில் அவ்வளவு பிரசித்தம். ஜனவரி ஒன்றாம் தேதி ஆதியாகமத்தில் ஏறினால், டிசம்பர் முப்பத்தொன்றில் வெளிப்படுத்தின விசேஷத்தில்தான் இறங்குவார். நடுவில் எந்த ஸ்டாப்பிலும் நிற்காத பஸ். நாளாகமத்தின் பேர்ப் பட்டியலை ஒருமுறை ஒரே மூச்சில் வாசித்து முடித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த பல்லி மூச்சுமுட்டிச் சுவரிலிருந்து விழுந்தது. அது செத்ததா பிழைத்ததா என்பதில்தான் ஊரில் இரண்டு கட்சி. விழுந்ததில் யாருக்கும் சந்தேகமில்லை.

வருஷத்துக்குள் வேதத்தை முடிக்கிறவர்களுக்குச் சபையில் சால்வை போடுவார்கள். சாரிடம் முப்பத்தொரு சால்வை. பீரோக் கதவு சாத்த வராது.

“முப்பத்தொரு தடவை வாசிச்ச வாய் இது. ஒரு வசனம் அவ காதுல ஏற மாட்டேங்கு. எந்தப் புஸ்தகத்தை வாசிக்கட்டும்? அதை மட்டும் சொல்லும். யோபுவா? யோவானா? நாள் இல்ல, உபதேசியாரே.”

சார் இவ்வளவு தூரம் தேரிக்காட்டுச் செம்மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்ததற்குக் காரணம் உண்டு. பெரிய பாதிரி ஐயர்மார் வந்து ஜெபித்தால் வீட்டுக்காரர்கள் மனம் தேறுவார்கள். யாபேஸ் வந்து சும்மா உட்கார்ந்தால் சாகக் கிடக்கிறவரே மனம் தேறுவார் என்று ஊருக்குள் பேச்சு.

யாபேஸ் தன் வேதாகமத்தை எடுத்து நீட்டினார்.

சார் வாங்கிப் பார்த்தார். முதல் நாலைந்து தாள்கள் கறுத்து, ஓரம் கரைந்து, நனைந்த துணியாய்த் துவண்டு கிடந்தன. மிச்சப் புத்தகம் கடையிலிருந்து வந்த மேனிக்கு இருந்தது. பிரித்தால் தாள்கள் ஒட்டிக்கொண்டு வந்தன.

சாருக்குள் இருந்த ஹெட்மாஸ்டர் விழித்துக்கொண்டார்.

“என்னவே இது? நீரு வாசிக்கதே இல்லையா?”

“வாசிக்கேன் சார். பதினோரு வருஷமா.”

“எதுவரைக்கும் வந்திருக்கீரு?”

“ஆதியாகமம் மூணு.”

“பதினோரு வருஷத்துல மூணு அதிகாரமா! உமக்கு யாருவே உபதேசியார் வேலை குடுத்தா?”

“அதைத்தான் சபையிலயும் கேக்காங்க.”

“அங்க எதுக்கு நின்னீரு?”

“ஒரு கேள்வி வருது சார். பதில் சொல்லாம எப்படித் தாண்ட?”

சார் பக்கத்தைப் பார்க்கவில்லை. மனப்பாடம். விலக்கின பழத்தைத் தின்றுவிட்டு மரங்களுக்குள் பதுங்கின ஆதாமை, எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக் கடவுள் தேடி வருகிற இடம்.

“அந்த இடத்தை நான் புதுவருஷத்தன்னிக்கு, காப்பி ஆறதுக்குள்ள தாண்டிருவேன்!”

“தெரியும் சார். முப்பத்தொரு தடவை.”

“அதுக்குப் பதில் அடுத்த வசனத்துலயே இருக்கேவே!”

“அது ஆதாம் சொன்ன பதில்.”



“சரி. உம்ம பதில் என்ன?”

“இன்னும் வரல.” யாபேஸ் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “எனக்கு நாள் கிடக்கு சார். உங்களுக்கு இல்ல. வீட்டுக்குப் போங்க.”

சாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாகக் கிடக்கிறவளுக்கு ஆறுதல் கேட்டுப் போனால், ஆதாமைக் காட்டி அனுப்புகிறான். வழி நெடுக மணலைத் திட்டினார், சைக்கிளைத் திட்டினார், யாபேசுக்கு வேலை கொடுத்தவர்களைத் திட்டினார். வீட்டு வாசல் வந்ததும் திட்ட ஆள் இல்லாமல் போயிற்று.

எப்சிபாய் காலையில் கிடந்த அதே பக்கமாகத்தான் படுத்திருந்தாள். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டுப் பெண் விசிறியை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கண்ணாடியை மாட்டினார். புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தார். யோபு வேண்டாம், யோவான் வேண்டாம். ஆதியாகமம். முதல் அதிகாரம் ஓடியது. இரண்டாவதும் ஓடியது.

“நிறுத்துங்களேன்,” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

“இன்னும் கொஞ்சந்தான்.”

மூன்றாவதில் அந்தக் கேள்வி வந்தது. வாசித்தார். பழக்கத்தில் நாக்கு அடுத்த வரிக்குத் தாவப் பார்த்தது. அதற்குள் கண் போய் ஆதாமின் பதிலைப் பார்த்துவிட்டது.

பயம் என்று இருந்தது. ஒளிந்தேன் என்று இருந்தது.

ஆறு நாளாகப் புத்தகத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துத்தான் வாசித்திருக்கிறார். இந்த ஆறு நாளில் அவள் முகம் என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது.



“என்னங்க, நின்னுட்டீங்க?”

சார் புத்தகத்தை இறக்கினார். பார்த்தார்.

“பயமா இருக்கு, எப்சி.”

அவள் கண்ணைத் திறந்தாள்.

“எனக்குந்தாங்க.”