அனந்தப்பரும் சாம்பார்ப் பல்லியும்

ஜமீன்தார் அனந்தப்பருக்கு உலகத்தில் தெரியாததே கிடையாது; அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அன்றைய விருந்தில், பரிமாறிக்கொண்டிருந்த வெள்ளையம்மாவை வம்புக்கு இழுத்தார். "எனக்குத் தெரியாதது ஒன்று சொல், பார்ப்போம். முடியாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

"ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம், எசமான்."

"தெரியும்!"

"வண்ணத்துப்பூச்சி காலாலதான் ருசி பாக்குமாம்."

"தெரியும், தெரியும்!"

"இந்தச் சாம்பார்ல பல்லி விழுந்துடுச்சு."

"அதுவும் தெரியும்!" பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

விருந்தாளிகள் இலையை விட்டு எழுந்தார்கள். "தெரிந்தேவா எங்களுக்குப் போட்டீர்?"

"ஐயையோ, சத்தியமாக எனக்குத் தெரியாது!"

"அப்பாடா, என் வேலை தப்பிச்சுது" என்றாள் வெள்ளையம்மா. "எல்லாரும் உக்காந்து சாப்பிடுங்க. பல்லியே விழலை. அதுவும் எசமானுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்!"