மாப்பிள்ளை கொண்டுவந்த பெட்டி

மூத்த மாப்பிள்ளை குணசீலன் ஒன்று சொல்லிவிட்டால் மாமியார் வீட்டில் மறுபேச்சு கிடையாது. மாமியார் சொர்ணவல்லி தனியாக இருப்பவள். தன் ஒரு வயிற்றுக்குப் போதுமென்று, கூடை வைத்த சின்ன ஏர் ஃப்ரையர் ஒன்றை வாங்கியிருந்தாள். அதைப் பார்த்ததும் அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் பொம்மை அத்தை. கண்ணாடிக் கதவு வச்ச ஓவன் மாடல்தான் சமையலுக்கு."

மறுநாளே அவர் காரிலிருந்து பெரிய பெட்டி இறங்கியது. அதை மேடையில் வைத்தால் கிரைண்டருக்கு இடமில்லை. வேண்டாமென்றாலோ மாப்பிள்ளை முறுக்கிக்கொள்வார்.

"ரெண்டுலயும் சேப்பங்கிழங்கு வறுத்துக் கொண்டாங்க அத்தை. எது எதுல செஞ்சதுன்னு ஒரே வாயில சொல்றேன். அப்புறம் அந்தப் பொம்மையைத் தூக்கிப் போட்டுடணும்."

"ஆகட்டும் மாப்பிள்ளை," என்று பெட்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள் சொர்ணவல்லி.

கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டுகள் வந்தன. முதல் தட்டில் ஒன்றைக் கடித்து முகம் சுளித்தார். "சவசவன்னு இருக்கு. இது கூடை." இரண்டாவது தட்டுக்குக் கண்ணையே மூடிக்கொண்டார். "ஆகா, என்ன மொறுமொறுப்பு! இதுதான் ஓவன். என் நாக்கை ஏமாத்த முடியுமா?"

தண்ணீர் எடுக்க உள்ளே போன அவர் மனைவி செண்பகம், "அம்மா, பெட்டியில ஒட்டின டேப்பே இன்னும் கிழியலையே!" என்று குரல் கொடுத்தாள்.

மென்றுகொண்டிருந்த மாப்பிள்ளையின் வாய் பாதியில் நின்றது.

"ரெண்டும் கூடையில வறுத்ததுதான் மாப்பிள்ளை," என்றபடி சொர்ணவல்லி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். "பெட்டியைப் பிரிச்சுட்டா கடைக்காரர் திரும்ப எடுத்துக்க மாட்டாராமே?"