அலமாரிக்குள் ஒரு செம்பருத்தி

"புத்தகத்துல என் பேர் எங்க சார்?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

இதைக் கேட்க அவளுக்குப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

பேராசிரியர் இருதயராஜ் கண்ணை மூடிக்கொண்டார். எதற்கும் நேராகப் பதில் சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. சொல்லியிருந்தால் அவரை யார் ஞானி என்பார்கள்?

உச்சி வெயிலில் இலைகள் உணவு தயாரிப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுகின்றன, வெயில் தாழ்ந்ததும் மறுபடி தொடங்குகின்றன. புத்தகத்தின் சாரம் இதுதான். அந்த உச்சி வெயிலில் சோளக்கொல்லையில் உட்கார்ந்து இலை இலையாக அளந்தவள் அவருடைய ஆராய்ச்சி மாணவி செண்பகவல்லி. அதே நேரத்தில் பேராசிரியரும் வேலையை நிறுத்திவிடுவார், மின்விசிறிக்குக் கீழே.

அட்டையில் அவர் பேர் மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமை அதற்குத்தான் விருது.

அவர் எழுந்தார். ஜன்னலோரம் இருந்த செம்பருத்தித் தொட்டியைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"சோதனைக்கு முன்னாடி செடிய எதுக்கு இருட்டுல வைக்கிறோம்?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

"இலையில இருக்கற பழைய மாவுச்சத்து தீரணும் சார். அப்பத்தான் வெளிச்சம் பட்டு புதுசா என்ன செஞ்சுதுன்னு தெரியும்."

"அவ்வளவுதான் வல்லி. உன்னையும் அப்படித்தான் வெச்சிருந்தேன்."

வேறு மாணவர்கள் இருந்திருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். அவள் சாத்திய அலமாரிக் கதவைப் பார்த்தாள்.

"எத்தன நாள் வைக்கணும் சார்?"

"ரெண்டு நாள் போதும்."

"எடுக்க மறந்துட்டா?"

"இலை பழுத்து உதிர்ந்துடும். அப்புறம் வெயில்ல வெச்சும் பிரயோஜனம்..."

அவர் வாய் அப்படியே நின்றது.

செண்பகவல்லி அலமாரியைத் திறந்து, தொட்டியை எடுத்துப் பழையபடி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனாள்.

மனுஷருக்கு உறைத்துவிட்டது என்றே நம்பினாள். அவர் முகம் அப்படி வெளுத்திருந்தது.

அந்த நம்பிக்கையில்தான் வெள்ளிக்கிழமை நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு விழாவுக்குப் போனாள். மேடையிலாவது பேரைச் சொல்லிவிடுவார். நாலாவது வரிசையில் இடம் கிடைத்தது.

பேராசிரியர் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு நாள் என் மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். இருட்டில் வைத்த செடியை எடுக்க மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று. அவளுக்குப் பதில் தெரியவில்லை."

கொஞ்சம் நிறுத்தினார். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"பழுத்து உதிர்ந்துவிடும் என்றேன். மனிதர்களும் அப்படித்தான் அம்மா, யாரையும் இருட்டில் மறந்துவிடாதே என்றேன்."

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது.

பக்கத்து நாற்காலி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன மனுஷன் பாருங்க! அந்த மாணவி யாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க" என்றாள் செண்பகவல்லி.