நெற்றிக்காசு

ஜப்பான்காரன் போய், மலாயாவில் வெள்ளைக்காரன் மறுபடி வந்து உட்கார்ந்த சமயம். வந்ததும் முதல் வேலையாக, ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு எதுவும் இனிச் செல்லாது என்று சொல்லிவிட்டான். ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள் அதில் பட்டம் செய்து விட்டார்கள். கடைக்காரர் மிளகாய் மடித்துக் கொடுத்தார்.

உடையப்பக் கங்காணி மட்டும் தகரப்பெட்டி நிறைய அதைத் தூக்கிக்கொண்டு, தோட்டத்துச் சாமியார் பீடிச்சாமியின் குடிசைக்கு வந்தார். வந்த வேகத்தில் சாமி காலில் விழுந்தார். அடேயப்பா, தோட்டத்தையே தன் காலில் விழவைத்த மனுஷர் அவர்!

“எல்லாம் மாயைன்னு தெரிஞ்சுபோச்சு சாமி. என்னைச் சீடனா ஏத்துக்குங்க.”

“எப்போ தெரிஞ்சுது?”

“போன வாரம்.”

“நோட்டு செல்லாதுன்னு எப்போ சொன்னான்?”

கங்காணி தலையைச் சொறிந்தார். “அதுவும் போன வாரம்தான்.”

சாமி பெட்டியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். அதில் புகையிலையை வைத்துச் சுருட்டிப் பற்ற வைத்தார்.

“நல்லாத்தான் புகையுது” என்றார்.

கங்காணி பெட்டியை இழுத்து மூடினார். “ராஜா தலை போட்ட பழைய நோட்டு எவ்வளவு வெச்சிருந்தேன் தெரியுமா? அதை வெச்சிருந்தா ஜப்பான்காரன் நம்ம தலையை வெட்டிடுவான்னு பயந்து, மொத்தத்தையும் வாழைமரமா மாத்தினேன். இப்போ ராஜா தலை செல்லுது. நான் நடுத்தெருவுல நிக்கிறேன். இந்த நோட்டு எங்கேயுமே செல்லாதா சாமி?”

“மாத்தினது போக மிச்சம் எப்படி வந்துச்சு?”

“ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்கு ஆள் ஏத்திவிட்டேன். தலைக்குப் பத்து வெள்ளி.”

கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னார்.

சாமி புகையை ஊதினார். “நாளைக்கு ஒரு பத்து வெள்ளி நோட்டு எடுத்துக்கிட்டு வா. ஒரு இடம் இருக்கு. அங்கே செல்லுச்சுன்னா நீ என் சீடன்.”

கங்காணிக்கு வாயெல்லாம் பல். எங்கோ ஒரு இடத்தில் செல்லும் என்று சாமியே சொல்லிவிட்டாரே!

மறுநாள் சாமி அவரைக் கண்ணாத்தாவின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவள் புருஷன் சடையன் சயாமுக்குப் போனவன். காலராவில் போய்விட்டான் என்று திரும்பி வந்த ஒருவன் சொன்னான். சேதிதான் வந்தது, உடம்பு வரவில்லை. அதனால் லாலான் என்கிற காட்டுப் புல்லில் ஓர் ஆள் கட்டி, சடையனின் பழைய சட்டையை மாட்டி, வாசலில் பாயில் கிடத்தியிருந்தார்கள். லயத்து வீடுகளின் சனமெல்லாம் சுற்றி நின்றது.

சாமி சங்கு ஊதினார். புல் தலையில் திருநீறு பூசினார்.

“நெத்திக்காசு?” என்றார்.

கண்ணாத்தா கையை விரித்தாள். ஜப்பான்காரன் காலத்தில் சில்லறையைக் கண்டவர் யார்? தாலியைக்கூட மரவள்ளிக்கிழங்குக்குக் கொடுத்தவள் அவள். அக்கம்பக்கத்திலும் கேட்டுப் பார்த்தார்கள். ஒருவரிடமும் ஒரு காசு இல்லை.

சாமி திரும்பினார். “உடையப்பா, உன் நோட்டை வை.”

கங்காணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் சீடனாக வேண்டுமே. குனிந்து நோட்டைப் புல் நெற்றியில் வைத்தார். காற்று அடித்தது. நோட்டு பறந்து சாக்கடையோரம் விழுந்தது.

ஓடிப்போய் எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் பறந்தது.

“நிக்க மாட்டேங்குது சாமி.”

“கையை வெச்சு அழுத்திப் பிடி.”

மண்டியிட்டுப் பிடித்தார். விரலுக்கடியில் புல் நொறுங்கியது. எதிரே சடையனின் சட்டை. தோளில் கண்ணாத்தா போட்ட ஒட்டுத் தையல். கங்காணி முகத்தை வேறு பக்கம் திருப்பினார். திருப்பிய பக்கமெல்லாம் அவர் லாரியில் ஏற்றிவிட்டவர்களின் பெண்டாட்டிகள் நின்றார்கள்.

கண்ணாத்தா வாயைத் திறந்தாள்.

“கையை எடுங்க கங்காணி அய்யா. அன்னிக்கு வரமாட்டேன்னு கதறினவரை, இதே கையாலதான் பிடிச்சு லாரியில தள்ளினீங்க. இன்னிக்காவது அவரை விடுங்க.”

கங்காணி கையை எடுத்தார். இந்தத் தடவை நோட்டு எங்கே போய் விழுந்தது என்று அவர் பார்க்கவில்லை.

“சாமி,” என்றார். “நெத்தியில ஒரு காசுகூட இல்லாமலா ஒரு மனுஷனை அனுப்புறது?”

சாமி சங்கை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அவன் நெத்திக்காசை நீ ரெண்டு வருஷம் முன்னாடியே எடுத்துட்டியே, உடையப்பா.”