தெய்வங்கள் புடவை எடுத்த கதை

நம்ம மொட்டைப்பாறைச் சனங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். வினையே அங்கேதான். எழுதியிருப்பதைப் படித்துவிட்டால் அப்படியே செய்யாமல் நகர மாட்டார்கள்.

நாளைக் காலையில் ஆவுடையம்மாள் மகள் செண்பகத்துக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை இன்னும் எடுக்கவில்லை. போன வாரம் எடுக்கப் போனபோது கடைக்கதவில் 'இன்று விடுமுறை' என்றிருக்கவும், வீட்டுக்கு வந்து எல்லாரும் படுத்துக்கொண்டார்கள்.

இன்று ஆவுடையம்மாள் சாமியைக் கும்பிட்டுவிட்டு, நாத்தனார் கோமுவையும் அவள் புருஷன் வேலாயுதத்தையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்திறங்கினாள். திரும்ப மூன்று மணி பஸ்; அதை விட்டால் வேறு கிடையாது.

ஜவுளிக்கடை வாசலில் பெரிய பலகை: 'வாடிக்கையாளரே எங்கள் தெய்வம்.'

"மதினி, நம்மளைத்தான் சொல்லுதான்!" என்றாள் கோமு.

ஆவுடையம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்பது வருஷமாக விளக்கேற்றிக் கும்பிட்டவள், திடீரென்று நீயே தெய்வம் என்றால்? கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரைக் கும்பிட்டோம் என்பதுதான் அவளுக்கே விளங்கவில்லை.

"எதுத்த கடையிலயும் இதேதான் போட்டிருக்கு," என்றார் வேலாயுதம். "அப்போ பஸ்ஸுல நம்மளை இடிச்சுக்கிட்டு வந்ததெல்லாம் தெய்வங்கதானா?"

"அதான் ஒருத்தரும் எந்திரிச்சு இடம் குடுக்கலை," என்றாள் கோமு. " தெய்வம் எங்கயாவது எந்திரிக்குமா?"

உள்ளே படியோரம் ஒரு பலகை: 'போர்வைகள் இரண்டாவது மாடியில்.' அடுத்து இன்னொன்று: 'விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்.' தெய்வத்திடமே என்ன கறார்! பக்கத்திலேயே, 'கேமரா பார்க்கிறது, புன்னகை செய்யுங்கள்.' மூவரும் சிரித்த முகமாக வரிசையாக உட்கார்ந்தார்கள்.

விற்பனைப் பெண் வந்தாள். "என்னம்மா பாக்கறீங்க?"

கேட்பது பக்தர்கள் வேலை. தெய்வம் வாயைத் திறந்து அது வேணும் இது வேணும் என்னுமா?

"பட்டா, காட்டனா?"

மூன்று புன்னகை.

மணி இரண்டரை. எதிர் அலமாரியில் ஒரு அரக்குப் பட்டு, செண்பகத்துக்கென்றே நெய்தது போல இருந்தது. ஆவுடையம்மாளுக்கு வாய் துறுதுறுத்தது.

"கேட்டுறாதீங்க மதினி," கோமு சிரித்த வாயை மூடாமலே முணுமுணுத்தாள்.

"பிள்ளை எதைக் கட்டிக்கிட்டு மணவறையில உக்காருவா?"

"பூ உத்தரவு குடு தங்கச்சி," என்றார் வேலாயுதம். "நம்மூரு அம்மன் தலைப்பூவை விழ வெச்சுத்தானே சம்மதம் சொல்லுவா?"

அதுவும் சரிதான். அந்தப் பெண்ணும் தானாகவே அரக்குப் பட்டை எடுத்து விரித்தாள். ஆவுடையம்மாள் தலையை வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டினாள். கொண்டைக் கனகாம்பரம் எகிறிப் பட்டைத் தாண்டி, அந்தப் பெண்ணின் தோளில் போய் விழுந்தது. கடைப்பெண்கள் எல்லாரும் கட்டியிருக்கும் நீலச் சீருடைப் புடவை மேல்!

"இன்னொரு தடவை ஆட்டட்டுமா அண்ணே?"

"உன் உத்தரவை நீயே மாத்துனா, அப்புறம் உன்னை எவன் கும்பிடுவான்?"

உத்தரவு ஆனபின் பேசலாம் என்று முடிவு செய்து, அந்தச் சீருடைதான் வேண்டும் என்று மூவரும் பிடிவாதம் பிடித்தார்கள். மேலாளர் கெஞ்சினார், கும்பிட்டார். கடைசியில் புதுச் சீருடை ஒன்றைக் கட்டிக் கொடுத்து அனுப்பினார். பஸ்ஸையும் பிடித்துவிட்டார்கள்.

மறுநாள் செண்பகம் நீலச் சீருடையில் மணவறையில் உட்கார்ந்தாள். கெட்டிமேளம் முழங்கப் போகிற நேரம். மாப்பிள்ளையின் அத்தை மதுரையில் வாழ்க்கைப்பட்டு அந்தக் கடையிலேயே துணி எடுப்பவள்; அட்சதையோடு வந்தவள், பழக்கதோஷத்தில் பெண்ணிடம் குனிந்து, "ஏம்மா, போர்வை எந்தப் பக்கம்?" என்றாள்.

ஆவுடையம்மாள் முந்திக்கொண்டாள். சம்பந்தி வீட்டார் வாய்விட்டுக் கேட்டு, இல்லையென்று சொல்வதா?

"ரெண்டாவது மாடியில இருக்கு மதினி," என்றாள் பணிவாக.

வேலாயுதம் பந்தலில் சாத்துவதற்கு ஏணி தேடி ஓடினார்.