நாணல்குடிக் கிணறு

தையல்நாயகி அம்மையை நான் குருவாக ஏற்றபோது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊரே சிரித்தது. உப்பு வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு ஆற்றங்கரை மடத்தில் போய்ச் சேர்ந்தேன். அம்மை காய்ச்சும் சுக்கு நீரின் மணம் இன்றும் சில காலைகளில் என்னை எழுப்பிவிடுகிறது.

அந்த ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு நாணல்குடிக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்ததும் இரண்டு வண்டி நிறையத் துணியும் அரிசியும் கொண்டுபோனேன். என் கையாலேயே கொடுத்தேன். சாயங்காலம் மனம் வாடித் திரும்பினேன்.

"ஒருவர் முகமும் மலரவில்லை, அம்மா. கொடுத்த புடவை சேற்றில் கிடக்கிறது."

மறுநாள் விடிந்ததும் அம்மை, "வாருங்கள் வைரவரே, போய்ப் பார்க்கலாம்" என்றார். வெறுங்கையோடு நடந்தார்.

ஊர் நடுவே ஒரு பெண் தனியாகச் சேற்றை வெட்டிக்கொண்டிருந்தாள். பூவாத்தாள் என்று பெயர். அம்மை அவள் அருகே போய்க் குந்தினார்.

"என்னம்மா வெட்டுறே?"

"கிணறுங்க. மண்ணு மூடிக் கிடக்கு. புள்ளைங்க வாய்க்கால் தண்ணியக் குடிச்சு வயித்தால போகுது. என் சின்னவ கண்ணே தொறக்கல."

"தனியாவா வெட்டுறே?"

"நேத்து எல்லாருமாத்தான் வெட்டினோம். இந்தப் பெரியவரு வண்டியோட வந்து வரிசையில நிக்கச் சொன்னாரு. பொழுதே போயிருச்சு. அரிசி கெடச்சுது. உலை வைக்கத்தான் தண்ணி இல்ல."

எனக்கு அந்தச் சேற்றிலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

"இப்போ உடனே என்ன வேணும்?" என்று அம்மை கேட்டார்.

"குடிக்க நல்ல தண்ணிங்க. இன்னும் நாலு கூடை."

மடத்துக்கு ஓடி என் வண்டிகளைப் பூட்டினேன். காய்ச்சிய நீர் குடம் குடமாக வந்தது, கூடைகளும் வந்தன. அம்மை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். நானும் இறங்கினேன். எங்களைப் பார்த்து ஊரார் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

மூன்றாம் நாள் நண்பகலில் ஊற்று கசிந்தது. சின்னவள் அன்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

அம்மையும் பூவாத்தாளும் நானும் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தோம். என் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அப்படியொரு பகல் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

"நாளைக்கு என்ன கொண்டுவரட்டும், அம்மா?" என்று கேட்டேன்.

அம்மை பக்கத்தில் இருந்த பூவாத்தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னை ஏன் கேட்கிறீர்கள்?"