மிச்சமான இருபது நிமிஷம்

கொம்பையா குடும்பத்தில் இன்னார்தான் மண்டு என்று ஒருவரைப் பிரித்துச் சொல்ல முடியாது. அண்ணன் தம்பி மூவருக்கும் அதில் சரிபங்கு.

தங்கை செல்லக்கனி நாசிக்கில் இருந்தாள். புருஷனுக்கு அங்கே வெங்காய மண்டியில் வேலை. அவள் மகனுக்குத் திங்கட்கிழமை காதுகுத்து. தாய்மாமன் கொம்பையா மடியில் பிள்ளையை உட்கார வைத்து, அவர் கொண்டுவரும் கம்மலைத்தான் போட வேண்டும். பத்தேகாலோடு முகூர்த்தம் முடிந்துவிடும்.

“அண்ணே, ஏழரையில இருந்து ஒம்பது வரைக்கும் ராகுகாலம். அந்த நேரத்துல மட்டும் எங்க ஊர்த் தரையில கால் வச்சிராதீங்க,” என்று போனில் சொல்லியிருந்தாள்.

கொம்பையா யோசித்தார். தூத்துக்குடியிலிருந்து நாசிக் வரை வான்வழியே ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் சொச்சம். விமானத்துக்கு இரண்டு மணி பத்து நிமிஷம். ஆறு ஐம்பத்தைந்துக்குக் கிளம்பினால் ஒன்பது ஐந்துக்கு இறங்கலாம். ராகுகாலம் பூராவும் ஆகாயத்திலேயே கழிந்துவிடும். வாழ்க்கையில் அவர் போட்ட கணக்குகளில் சரியாக வந்தது இது ஒன்றுதான். தம்பிகள் இருவரையும் கூட்டிக்கொண்டு அவர் ஏறிய விமானம் அதையும் கெடுத்தது. எட்டே முக்காலுக்கே தரையிறங்கிவிட்டது.

“இருபது நிமிஷத்தை எங்கல விட்டான்?” என்றார் கொம்பையா.

“குறுக்குப் பாதையில வந்திருப்பான்ணே,” என்றான் பேச்சிமுத்து.

“ஆகாயத்துல ஏதுல குறுக்குப் பாதை?”

“இல்லாட்டி, ஊரு கொஞ்சம் முன்னால வந்து நின்னுருக்கும்,” என்றான் உத்தண்டு.

மூவரும் யோசித்துப் பார்த்தார்கள். நியாயமாகத்தான் பட்டது.

கொம்பையா பணிப்பெண்ணைக் கூப்பிட்டார். “தாயி, டிரைவர்ட்ட சொல்லி மறுபடி மேல ஏத்தி, ரெண்டு சுத்து சுத்திட்டு ஒம்பது அஞ்சுக்கு இறக்கச் சொல்லு.”

“சார், மத்தவங்க எல்லாரும் இறங்கிட்டாங்க.”

“அவங்க வீட்டுலயா காதுகுத்து?”

உத்தண்டு ஒரு வழி கண்டுபிடித்தான். “அண்ணனை நான் தூக்குறேன். என்னைப் பேச்சிமுத்து தூக்கட்டும்.”

“என்னை யாரு தூக்குவா?”

“அண்ணன்தான்.”

வாசலருகே செய்தும் பார்த்தார்கள். பணிப்பெண் அவசர அவசரமாகச் சக்கர நாற்காலிகளுக்குச் சொல்லி அனுப்பினாள்.

பெட்டிகள் வரும் கூடத்தில், மூவரும் உட்கார்ந்து வந்த நாற்காலிகளை ஊழியர்கள் திரும்பக் கேட்டார்கள். மணி எட்டு ஐம்பத்திரண்டு. அப்போதுதான் பெட்டிகளைச் சுமந்து சுற்றிக்கொண்டிருந்த ரப்பர் பட்டை கொம்பையாவின் கண்ணில் பட்டது. அது தரையில் படவே இல்லை! தங்கள் பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்து, இடம் பண்ணிக்கொண்டு மூவரும் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் காவலர் இந்தியில் கத்தினார். ஒவ்வொரு சுற்றிலும் கொம்பையா அவருக்குக் கும்பிடு போட்டார்.

“இப்பத்தாம்ல பாக்கித் தூரத்தைக் கடக்குறோம்,” என்றார் தம்பிகளிடம்.

காவலர் ஒருவழியாகப் பட்டையை நிறுத்தியபோது மணி சரியாக ஒன்பது ஐந்து. வலது காலை வைத்து இறங்கினார்கள்.

“அண்ணே,” என்றான் பேச்சிமுத்து மெதுவாக. “பெட்டியை ராகுகாலத்துலேயே தரையில வச்சிட்டமே!”

கொம்பையா பெட்டியை வெடுக்கென்று தூக்கிக்கொண்டார். கம்மல் அதற்குள்தான் இருந்தது.

பத்து மணிக்குச் செல்லக்கனி வீட்டுக்கு இரண்டு பேர்தான் வந்து சேர்ந்தார்கள். பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்தாயிற்று. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார்.

“கம்மலை எடுங்கண்ணே. உத்தண்டு அண்ணன் எங்க?”

“பெட்டி கெட்ட நேரத்துல வந்து இறங்கிருச்சும்மா. வந்த விமானத்துலேயே அவன்கிட்ட குடுத்து ஊருக்குத் திருப்பி அனுப்பிட்டேன். நல்ல நேரமாப் பாத்து மறுபடி கொண்டாருவான்.”

“ஐயோ, பத்தேகாலுக்குள்ள போடணுமேண்ணே!”

கொம்பையா சிரித்தார்.

“பதறாதம்மா. இந்தத் தடவை டிரைவர்ட்ட மெதுவா ஓட்டச் சொல்லிருக்கேன்.”